ஏழாம் நம்பர் மலை வல்லாரை

புஷ்பம் என் சட்டியைக் காலால் எத்திவிட்டாள்.

தெரியாமல் தட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் பாதி அவிழ்ந்த துண்டு. பங்களாவின் பின்பக்கப் படிகளில் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. சிங்கள மானேஜர் பண்டார மாத்தயாவையும் பார்க்கவில்லை. கோப்பையை நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு அம்மாவையும் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், நான் அப்போதுதான் இறக்கி வைத்திருந்த மண்சட்டியை ஒரே எத்து. சட்டி உருண்டு கல்லில் மோதி உடைந்தது. இஞ்சியும் வல்லாரையும் மணக்க மணக்க என் கசாயம் முழுவதும் புல்தரையில் ஓடியது.

"ஐயோ, தெரியாம கால் பட்டுருச்சு மாத்தயா" என்றாள்.

தெரியாமலாம்!

நான் குனிந்து, பூப்பாத்தியிலிருந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவள்மேல் தூற்றினேன். "வயித்தெரிச்சல் புடிச்சவளே! என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி! நீ நல்லா இருப்பியா? உன் கையும் காலும் வெளங்குமா?" என்று கத்தினேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அதற்கு மேலே சாபம் கிடையாது. அதையும் ஒரு வெளிநாட்டுக்காரர் முன்னால் செய்தேன்.

இந்தத் தொடரில் என் கல்யாணத்தை எழுதினேன், கொழுந்து மலையில் அட்டை கடித்ததை எழுதினேன், மாமியாரோடு போட்ட சண்டையைக்கூட விடாமல் எழுதிவிட்டேன். இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ளிப்போட முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

புஷ்பம் என் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. நான் நோட்டன் பிரிட்ஜில் பிறந்து அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் றொசல்லக்காரி. எனக்கு ஆறேழு வருடம் கழித்து அதே லயத்துக்கு வந்தாள்.

அண்ணன் தம்பிக்கு லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா, ஆளுக்கு ஓர் அறை. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் கடுகு வெடித்தால் எனக்குத் தும்மல் வரும். என் வீட்டில் சண்டை நடந்தால் அவளுக்கு ஒரு வார்த்தை தவறாமல் கேட்கும்.

அவள் வந்த வருடம் மாமியாருக்கு விடாத இருமல். நான் கொத்தமல்லியும் சுக்கும் வறுத்துத் தட்டிப்போட்டு, நாலு கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்ற வைத்து, பனங்கட்டியோடு கொடுத்தேன். எங்கள் அம்மா செய்தது போலவே செய்தேன். மாமியார் குடித்தார், இருமினார். மறுபடியும் குடித்தார், மறுபடியும் இருமினார்.

அப்போதுதான் சுவருக்கு மேலே அந்த மணம் வந்தது. ஆடாதோடை இலையை வாட்டும்போது வருகிற கசப்பு மணம். அதோடு மிளகு. அதோடு இன்னும் ஏதோ ஒன்று. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. சின்ன மருமகள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இதயும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க அத்த."

மூன்றாம் நாள் இருமல் நின்றுவிட்டது. மாமியார் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும், "சின்னவ கசாயந்தான் தொண்டையில எறங்குது. பெரியவளது கழுத்தோட நின்னுருது" என்றார்.

அன்றைக்குப் பற்றிக்கொண்டது என் வயிறு.

அதற்குப் பிறகு லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், வயிற்றுப் பொருமல் என்றாலும், பிள்ளைக்குச் சளி என்றாலும் புஷ்பம்தான். என் வாசலைத் தாண்டித்தான் அவள் வாசலுக்குப் போக வேண்டும். போகிறவர்கள் என்னைப் பார்த்து, "என்னக்கா, சொகமா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கும் கைகால் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கொத்தமல்லி இருக்கிறது. கேட்க ஒரு ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் ஒருநாள் தலைவலி என்று படுத்திருந்தார். பீலிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஆள் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு பித்தளை டம்ளர். எங்கள் வீட்டில் பித்தளை டம்ளர் கிடையாது.

"சும்மா குடுத்துச்சு, குடிச்சேன்" என்றார்.

"சும்மா குடுத்தா எதையும் குடிச்சிருவீங்களா?" என்று கேட்டேன். அன்று இரவு அவருக்குச் சோறும் கிடைத்தது, கூடவே என் வாயும் கிடைத்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள் முதல் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். பேறுகால மருந்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஹட்டன் கடைக்கே போய் வாங்கி வந்து, இரண்டு நாள் இடித்துச் சலித்து வைத்திருந்தேன். அவள் படுத்தபடியே, "அம்மா, கோவிச்சுக்காதீங்க. சித்தியக் கிண்டச் சொல்லுங்களேன்" என்றாள்.

நான் பெற்ற பெண் சொன்னாள் இதை! அன்று மரக்கறிப் பாத்திக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். யாராவது பார்த்தால் களை பிடுங்குகிற மாதிரி இருக்கட்டும் என்று நாலு களையும் பிடுங்கினேன்.

பங்களாவில் ஒரு வேலை

எங்கள் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில் இப்போது துரை இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் பண்டார மாத்தயா. நல்ல மனிதர், ஆனால் சிரிக்கமாட்டார்.

வருகிறவர்களுக்குத் தேயிலை குடித்து அலுத்துவிட்டதாம். மூலிகைக் குடிநீர் வேண்டுமாம். பெலிமல் என்கிற வில்வப்பூ, ரணவரா என்கிற ஆவாரம்பூ எல்லாம் பைக்கற்றில் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். "இதை நாங்கள் விமான நிலையத்திலேயே குடித்துவிட்டோம்" என்றார்களாம். அதனால் இலை தெரிந்து, பறித்து, அவர்கள் கண் முன்னாலேயே காய்ச்சிக் கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று லயத்துக்கே வந்துவிட்டார்.

யார் வாசலுக்கு வந்திருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நான் என் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிங்களத்தில் புஷ்பத்திடம் பேசுவது காதில் விழுந்தது. நிரந்தர வேலை. காலை எட்டு மணிக்கு வந்தால் நாலு மணிக்குப் போகலாம். மலை ஏற வேண்டாம், கூடை சுமக்க வேண்டாம்.

என் முட்டியைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். இடது முட்டி. மழை பெய்யும் முன்பே எனக்குச் சொல்லிவிடும். சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உயிர் போய் உயிர் வரும். இன்னும் ஒரு வருடம் மலையில் நின்றால் தடி ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. இந்த ஒரு வேலை கிடைத்தால் என் கால் பிழைக்கும்.

சுளகைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"மாத்தயா, எனக்கும் தெரியும்" என்றேன்.

புஷ்பம் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க மாத்தயா, அக்காவுக்கும் தெரியும்" என்றாள்.

அவள் சிபாரிசு செய்தால்தான் எனக்குத் தெரியுமாக்கும்! அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

மாத்தயா யோசித்தார். செவ்வாய்க்கிழமை சின்னவள் காய்ச்சட்டும், புதன்கிழமை பெரியவள் காய்ச்சட்டும், அந்த வாரம் வந்து தங்குகிற ஓர் அம்மா குடித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

கரும்புக்குப் போனவர்கள்

வருகிறவர் வெள்ளைக்காரியாக இருப்பார் என்று நினைத்தோம். வந்தவர் எங்களைவிடக் கறுப்பு. கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவு. தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல், சிரித்தால் பங்களா முழுக்கக் கேட்கும். அவருடைய முன்னோரைக் கப்பலில் ஏற்றிக் கரும்பு வெட்டக் கொண்டுபோனார்களாம். எங்களை இந்த மலைக்குக் கொண்டுவந்த மாதிரி.

அவர்கள் ஊரில் சூடாக எதைக் குடித்தாலும் 'டீ'தானாம். புதரில் பறித்த இலையைக் கொதிக்க வைத்தால் டீ. கொக்கோவைக் கரைத்தாலும் டீ. மீன் வேகவைத்த ரசத்துக்கும் டீ என்றே பேராம்! தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தத் தாராளம் வராது. எங்களுக்குத் தேயிலை போட்டால்தான் தேத்தண்ணி, மற்றதெல்லாம் கசாயம்.

செவ்வாய்க்கிழமை புஷ்பம் கற்பூரவல்லி இலையும் இஞ்சியும் பனங்கட்டியும் போட்டுக் காய்ச்சினாள். அந்த அம்மா இலையைக் கசக்கி முகர்ந்தாராம். இதே இலை அவர்கள் வீட்டு அடுப்படி வாசலிலும் இருக்கிறதாம். மீனுக்கும் போடுவார்களாம், இருமலுக்கும் காய்ச்சுவார்களாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சுவர்தான் சொன்னது. மாலையில் அவள் கொழுந்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதிருச்சுங்க. அவுங்க அம்மா நெனப்பு வந்துருச்சாம்."

நான் அடுப்பில் ரொட்டி போட்டிருந்தேன். கருகிவிட்டது.

வெள்ளைக் களிமண்

கையைப் பிடித்து அழுதாராமே! அதற்கு மேலே நான் என்ன காய்ச்சுவது?

அப்போதுதான் ஏழாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் மலைகளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஏழாம் நம்பரில் பெரிய பாறைக்குக் கீழே தண்ணீர் வடிகிற கான் ஒன்று உண்டு. அந்தக் கானோரம் வளர்கிற வல்லாரை உள்ளங்கை அகலம் இருக்கும். புஷ்பத்தின் வல்லாரைக் கசாயத்துக்கு ஊரே மயங்கிக் கிடந்ததே, அந்த இலை அங்கேதான் பறிக்கிறாள். ஒருமுறை விறகுக்குப் போகிற சாக்கில் பின்னாலேயே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். ஆமாம், அதையும் செய்திருக்கிறேன்.

அவள் ஏன் செவ்வாய்க்கிழமை அந்த வல்லாரையைப் போடவில்லை? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு வீட்டு வாசல் கற்பூரவல்லியை ஏன் பறித்தாள்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். யோசிக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் நாள் பெரட்டுக்களத்தில்தான் ஆரம்பிக்கும். காலையில் எல்லாரும் அங்கே கூடுவோம். எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து, எந்த மலையில் புல் கருக மருந்து அடிக்கிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சத்தமாகச் சொல்வார். அதுதான் எங்களுக்கு அறிவிப்பு. மலையில் பலகை நடமாட்டார்கள், கயிறு கட்டமாட்டார்கள். பெரட்டில் சொன்னால் சொன்னதுதான். மருந்தடித்த மலையில் அதற்குப் பிறகு கீரை பறிக்கமாட்டோம், மாட்டுக்குப் புல் அறுக்கமாட்டோம்.

நான் திங்களும் செவ்வாயும் பெரட்டுக்குப் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முட்டி வலித்ததும் உண்மைதான். ஆனால் பெரட்டில் எல்லாப் பொம்பளைகளும் "புஷ்பத்துக்குப் பங்களா வேலையாமே, புஷ்பத்துக்குப் பங்களா வேலையாமே" என்று பேசுவதைக் கேட்க என்னால் முடியாது. அதுதான் பெரிய உண்மை.

புதன்கிழமை எல்லாரும் பெரட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்து ஏழாம் நம்பருக்கு ஏறினேன். யார் கண்ணிலும் படவில்லை. வல்லாரை பச்சைப் பசேலென்று பனி சொட்ட நின்றது. மடி நிறையப் பறித்தேன். லயத்துப் பீலியில் மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். அந்தக் கானில் மட்டும் மண் வெள்ளைக் களி. பீலிக் கல்லெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதைக் கழுவிவிடக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

பங்களாப் புல்தரையில் மண் அடுப்பும் மண்சட்டியும் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால்தான் வருகிறவர்கள் படம் எடுப்பார்களாம். வல்லாரையை வேரோடு நசுக்கிப் போட்டேன். இஞ்சியை எப்போதும் போடுவதைவிட ஒரு துண்டு கூடுதலாகவே போட்டேன். நிறம் இறங்க இறங்க எனக்குள் ஒரே கொண்டாட்டம். ஒரு மடக்கு நானே குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சட்டியை இறக்கினேன். அந்த அம்மா கோப்பையை நீட்டினார்.

அப்போதுதான் புஷ்பம் கூடையோடு ஓடி வந்தாள்.

உடைந்த சட்டிக்குப் பிறகு

நான் மண் தூற்றியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

கொதித்த கசாயம் அவள் வலது பாதத்தில் கொட்டியிருந்தது. பாதம் சிவந்து பொங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதைப் பார்க்கவில்லை. ஓடு பொறுக்குகிற சாக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமலே முணுமுணுத்தாள்.

"வேலியோரம் எலுமிச்சம்புல்லு இருக்கு பாருங்கக்கா. அத அறுத்துப் போடுங்க."

"போடி அந்தாண்ட" என்றேன்.

பண்டார மாத்தயாவுக்கு முகமே கறுத்துவிட்டது. "இனிமேல் நீ இந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது" என்று சிங்களத்தில் சொன்னார். அவள் "ஹரி மாத்தயா" என்று சிங்களத்திலேயே சரி சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் படி இறங்கினாள். அவள் நொண்டியதைப் பார்த்து, இவளுக்கு நல்லா வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

என் கையில் இலை இல்லை, சட்டி இல்லை. அந்த அம்மா வெறும் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். வேறு வழி தெரியவில்லை. வேலியோரம் போனேன். சிங்களத்தில் 'சேர' என்பார்களே, அந்தப் புல் புதராக நின்றது. இரண்டு பிடி அறுத்து முடிச்சுப் போட்டு, அடுப்படிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் கொண்டு வந்தேன்.

அந்த அம்மா முகர்ந்ததுமே எழுந்து நின்றுவிட்டார். அவர்கள் ஊரில் இதற்குக் காய்ச்சல்புல் என்று பேராம். குடித்தார், சிரித்தார், இன்னொரு கோப்பை கேட்டார். பிறகு மாத்தயாவிடம் ஏதோ சொல்ல, அவர் எனக்குச் சிங்களத்தில் சொன்னார்.

"இந்த அம்மாவின் தாயும் சித்தியும் இதே மாதிரி அடுப்படியில் சண்டை போடுவார்களாம். ஊருக்கே போய் வந்தது போல இருக்கிறதாம்."

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது.

அன்று மாலையே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குமட்டல், வாந்தி. இரண்டு நாள் தலை தூக்கவில்லை. எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. புஷ்பத்தின் கண்ணேறு என்றே முடிவுகட்டிவிட்டேன்! காய்ந்த மிளகாயும் உப்பும் சுற்றிப் போடச் சொன்னேன். நெடி வராமல் எரிந்தது. "பாத்தீங்களா, அவ கண்ணுதான்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவள் சீரகமும் ஓமமும் வறுத்துக் காய்ச்சி, கொழுந்தனிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் முன்னாலேயே கானில் கொட்டினேன்.

எட்டாம் நாள்

அடுத்த வாரம் பங்களாவுக்கு வல்லாரை வேண்டியிருந்தது. கூடையோடு ஏழாம் நம்பருக்குப் போனேன்.

பாறைக்குக் கீழே பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. கானோரம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாகச் சுருண்டு கிடந்தது. நான் மடி நிறையப் பறித்த வல்லாரை, தண்டெல்லாம் கருகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

கண்டாக்கையா மேலே நின்றிருந்தார். "என்ன சரசு, இங்க என்ன தேடுற? போன திங்கக்கெழம மருந்து அடிச்ச மலையில்ல இது. பெரட்டுல தொண்ட கிழியச் சொன்னேனே, நீ வரலியா?" என்றார்.

வரவில்லை ஐயா. நான் வரவில்லை.

அந்த மருந்து அடித்த அன்றைக்கே இலை வாடாது. நாலைந்து நாள் பச்சையாகவே நின்று ஏமாற்றும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருடம் மலையில் நின்றவள் நான். அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். நீட்டிய கோப்பை கண்ணுக்குள் வந்தது. சிரித்தால் பங்களா முழுக்கக் கேட்கிற அந்த அம்மா ஒரு கோப்பை முழுக்கக் குடித்திருந்தால்? ஒரு மடக்குக்கே எனக்கு இரண்டு நாள்.

கீழே இறங்கி நேராகப் புஷ்பத்தின் வாசலுக்குப் போனேன். அவள் பாதத்தில் வாழையிலை கட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"பத்து மணித் தேத்தண்ணிக்குக் கை கழுவப் பீலிக்கு வந்தேங்க்கா. கல்லெல்லாம் வெள்ளக் களியா கெடந்துச்சு. ஒரு வல்லார எலயும் கெடந்துச்சு. பெரட்டுக்கும் நீங்க வரலியே, அதான் ஓடியாந்தேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? சட்டிய எத்தணுமா?"

"அங்க வச்சு என்னத்தக்கா சொல்றது? மருந்தடிச்ச எலயக் காச்சிக் குடுத்தாங்கன்னு ஒரு தடவ காதுல விழுந்துட்டா அந்த மாத்தயா உங்கள வாசல்ல சேப்பாரா? அந்த முட்டிய வச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு மல ஏறுவீங்க?"

நான் அழுதிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். கசாயத்தில்தான் ஜெயித்தாள், சரி. மாமியாரிடம் ஜெயித்தாள், மகளிடம் ஜெயித்தாள், அதுவும் சரி. நல்லவளாக இருப்பதிலும் இவளேதானா? எனக்கென்று ஒன்றாவது மிச்சம் வைக்கக் கூடாதா?

"ரொம்பத்தான் பெரிய மனுசி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஆள்

அதற்குப் பிறகு பல மழைக்காலம் போய்விட்டது. நான் பங்களாவில் வெயில் படாமல், மழை படாமல் நின்றேன். தடி ஊன்றவில்லை. அவள் ஏழாம் நம்பரிலும் ஒன்பதாம் நம்பரிலும் கூடை சுமந்தாள். பாதத்தில் அந்தத் தழும்பு வெள்ளையாக நின்றுவிட்டது. மாலையில் நான் வந்து காலை நீட்டினால், நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுக்க வருவாள். வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை. மாத்தயாவிடம் உண்மையையும் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போய்விடும்.

போன மாதம் பண்டார மாத்தயா என்னைக் கூப்பிட்டார். கூட்டம் அதிகமாகிவிட்டது, இரண்டாவது ஆள் வேண்டும், நம்பிக்கையான பெண் யாராவது இருக்கிறாளா என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், அவள் உள்ளே வந்தால் ஒரே வாரம்தான். வருகிறவர்கள் எல்லாம் "அந்தச் சின்ன அம்மா காய்ச்சியதைக் கொடுங்கள்" என்பார்கள். நான் மறுபடியும் பெரியவளாகி, கழுத்தோடு நிற்கிற கசாயக்காரியாகிவிடுவேன். வேறு நாலு பேர் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"ஒருத்தி இருக்கா மாத்தயா. நீங்க கேட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னீங்களே, அவதான்."

பிறகு பெரட்டு, வெள்ளைக் களி, கருகிய இலை எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உன்னை இன்றைக்கே அனுப்ப வேண்டும்" என்றார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "திங்கட்கிழமை அவளைக் கூட்டி வா. இனி இலையை அவள்தான் பறிக்க வேண்டும். அவள் கையில் வாங்கியதைத்தான் நீ காய்ச்ச வேண்டும். வேறு ஓர் இலை சட்டியில் விழுந்தால் நீ வீட்டுக்குப் போகலாம்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. காலையில் அவள் கூடையைக் கொண்டு வந்து வைக்கிறாள். நான் வாங்கி அலசுகிறேன். நான் எழுதுவதையெல்லாம் வாரா வாரம் கேட்கிறவள் அவள், வாசிக்கத் தெரியாது. மாத்தயாவிடமே சொல்லிவிட்ட பிறகு இனித் தள்ளிப்போட என்ன இருக்கிறது என்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதினேன், அவளுக்கு வாசித்தும் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு இஞ்சி கூடிப்போச்சுக்கா. படியில ஏறும்போதே மணந்துச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். புஷ்பம் பறித்த தூதுவளை, நான் காய்ச்சியது. அந்த மனிதர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு வாய் குடித்தார். "இதைச் செய்தது யார்?" என்று மாத்தயா வழியாகக் கேட்டார்.

'நான்' என்று சொல்ல வாய் துடித்தது. இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் பக்கம் கையைக் காட்டலாம் என்று கையைத் தூக்கினேன்.

பாதி தூக்குவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்துவிட்டது.

"எங்க அக்கா மாத்தயா. அக்காதான் காச்சுனாங்க."

பாவி, அதிலும் முந்திக்கொண்டாள்.